இரண்டாம் விருப்பு

கேள்வி: தேர்தல் முடிந்தும் எங்கள் தொடர்மாடியில் அண்ணனும் தம்பியும் கட்சிக்காக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கொள்கை அவ்வளவு பெரிதா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: கொள்கையா? இரு கட்சிகளின் தேர்தல் விஞ்ஞாபனங்களையும் பெயரை மறைத்துக் கொடுத்துப் பாருங்கள். எது யாருடையது என்று இருவருமே முழிப்பார்கள். கட்சிப் பெயரைக் கேட்டால்தான் இரத்தம் கொதிக்கும். சாட்சி வேண்டுமா? 2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் எவரும் 50 வீதத்தைத் தாண்டாததால், முதன்முறையாக இரண்டாம் கட்டமாக விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். முதலிருவருக்கு வெளியே விழுந்த வாக்குகள் சுமார் 33 இலட்சம். அவற்றிலிருந்து அந்த முதலிருவரான அநுரவுக்கும் சஜித்துக்கும் சேர்ந்த விருப்புகள் 3 இலட்சத்தைக்கூட எட்டவில்லை! வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை போடலாம் என்பது பலருக்குத் தெரியாது, உண்மை. தெரிந்தவர்களிலும் ‘என் ஆள் இல்லையென்றால் எவரும் வேண்டாம்’ என்றவர்கள் இருந்தார்கள்.

ஒரே கட்சிக்குள்ளும் இதே கதைதான். பாராளுமன்றத் தேர்தல் வந்தால் கொட்டாஞ்சேனைச் சுவர்களைப் பாருங்கள். விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்களில் ஒருவரின் சுவரொட்டிமேல் மற்றவர் தன்னுடையதை ஒட்டுவார். சின்னம் ஒன்று, கொள்கை ஒன்று; பகை மட்டும் ஆளுக்கொன்று.

ஆகவே, தம்பியின் கட்சியில் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லச் சொல்லி அண்ணனிடம் கேளுங்கள். தம்பியிடமும் அப்படியே. இருவரும் யோசிக்கும்வரை தேநீர் ஊற்றாதீர்கள்.