விசில் அடிச்சது யாரு?

விக்கிரமசிங்கபுரத்தில் கழுத்தில் பைனாக்குலரோடு தெருவில் இறங்குகிறவன் ஒன்று வனத்துறை ஆளாக இருக்கணும், இல்லை கிறுக்கனாக இருக்கணும். எனக்கு யூனிபாரம் கிடையாது.

ஆனிச் சாரலுக்குச் சென்னையிலிருந்து வரும் என் மச்சானுக்கு அந்தக் கவலை இல்லை. முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருக்கிறார். பார்ப்பவர்கள் சினிமா ஷூட்டிங் என்று வழிவிடுவார்கள். வந்ததும் கேட்டார்: "கொடைக்கானல் மாதிரி இங்க பைன் காடு உண்டா? பறவையெல்லாம் கூடு கட்டுற சீசனாமே!"

கொடைக்கானல் பைன் வெள்ளைக்காரன் காலத்தில் நட்டது; அங்கே பறவை ஜோடிகளைவிடப் படமெடுக்க வரும் ஜோடிகள்தான் அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான ஊசியிலை மரம் என்றால் நரம்பலி ஒன்றுதான். நம் அகத்தியமலைக் காட்டிலும் உண்டு. ஆனால் அதன் இலை ஊசியாக இருக்காது, அகலமாக இருக்கும். இதைச் சொன்னபோது மச்சான் என்னைப் பார்த்த பார்வை, தெருக்காரர்கள் பார்க்கிற அதே பார்வை.

அகஸ்தியர் அருவிக்குக் கிளம்பினோம். பாபநாசம் செக்போஸ்ட்டில் சோப்பு, ஷாம்பு இருக்கிறதா என்று பையைத் துழாவினார்கள். களக்காட்டையும் முண்டந்துறையையும் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகமாக்கிய காடு, துழாவத்தான் செய்வார்கள்.

அருவியில் நல்ல கூட்டம். பெண்கள் குளிக்கிற பக்கத்துப் பாறையிலிருந்து நீளமாக ஒரு விசில். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பயல் அடிக்கிற மாதிரி, பாதி ராகத்தில் ஏறி, மறந்துபோய் வேறெங்கோ இறங்கியது.

"எந்தச் சவத்துமூதிலே விசில் அடிக்கான்?" என்றாள் ஈரச்சேலையோடு ஒரு ஆச்சி.

ஆம்பிளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பைனாக்குலர் தொங்கிய ஒரே கழுத்து என்னுடையது. லென்ஸ்காரர் அதற்குள் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர்ந்திருந்தார்.

"நான் இல்ல ஆச்சி. சீகாரப் பூங்குருவி."

"குருவியா? என்னைய என்ன கேணச்சின்னு நெனச்சியோ?"

நல்லவேளை, குற்றவாளியே வந்து ஆஜரானது. நனைந்த பாறையில் ஒரு கருநீலப் பறவை. நெற்றியிலும் தோளிலும் மட்டும் பளீரென்று நீலம். வாலை விசிறி மாதிரி விரித்து மடக்கிவிட்டு இன்னொரு தரம் அடித்தது. மழை இறங்கினால் அதற்குக் கல்யாண காலம். அருவியோரப் பாறை இடுக்கில் பாசியும் வேரும் வைத்துக் கூடு கட்டும். இவ்வளவையும் ஆச்சிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரி, அது குருவி, விசில் அடிக்கு. நீ என்னத்துக்கு அந்தக் குழாயத் தூக்கிக்கிட்டு இங்க நிக்க?"

இதற்குச் சாலிம் அலியிடமே பதில் இருந்திருக்காது.

கூட்டைத் தேடிப் பக்கத்தில் போய்ப் படமெடுக்கலாம் என்றார் பஜ்ஜியோடு திரும்பிய மச்சான். கூடாது என்றேன். ஆள் நடமாட்டம் கண்டால் தாய் கூட்டையே கைவிட்டுவிடலாம்; நாம் நின்று எட்டிப்பார்க்கிற இடத்தைக் காக்கா குறித்துவைத்துக்கொள்ளும். முறைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் அத்தை, "என்னத்தப் பாத்திய?" என்றாள். ஆச்சி கதையைத் தவிர்க்க, இருவாச்சிக்குத் தாவினேன். மேலே மழைக்காட்டில் பெரிய மரப்பொந்துக்குள் பெட்டை போய் உட்கார்ந்து, எச்சத்தைக் குழைத்து வாசலைப் பூசிவிடும். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். மாதக்கணக்கில் ஆண்தான் அத்திப்பழம் சுமந்து வந்து, தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டணும்.

"பொங்க வேண்டாம், வெளக்க வேண்டாம். கொடுத்து வச்சவ," என்றாள் அத்தை. ஆர்வி மில்லில் ஷிப்ட் பார்த்து ரிட்டயரான மாமா பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

"அதுமட்டுமில்ல அத்தை. குஞ்சு கொஞ்சம் வளந்ததும் தாய் பொந்த உடைச்சிக்கிட்டு வெளிய வந்துரும். அதுக்கப்புறம் குஞ்சே உள்ள இருந்து மறுபடி வாசலப் பூசிக்கிடும். யாரும் சொல்லிக் குடுக்கிறதில்ல."

அத்தை பேப்பரைப் பார்த்தே சொன்னாள்: "பொறந்து மாசம் திரும்பல, அதுக்குத் தெரியுது. இங்க ஒருத்தருக்கு இத்தன வருசமாச் சொல்லியும் பொறவாசல் கதவச் சாத்தத் தெரியல. காலைலகூட கொரங்கு வந்து ரெண்டு தேங்கா போச்சு."