கற்பிட்டிக் குளியலறைகளில் அழுத்தத் தாழ்வு: ஒரு நீரியல் விசாரணை

வீட்டுக் கொதிகலன் எனப்படுவது, குளிர்நாடுகளில் அடைபட்ட குழாய்ச் சுற்றொன்றில் நீரைச் சூடாக்கி அறைதோறும் சுழலவிடும் சாதனமாகும். அச்சுற்றின் அழுத்தம் குளிர்ந்த நிலையில் ஒன்று முதல் ஒன்றரை பார் வரை இருத்தல் வேண்டும் என்பதும் (பத்து மீற்றர் உயர நீர் தன் அடியில் தரும் அழுத்தமே ஏறத்தாழ ஒரு பார்), அது மிகவும் இறங்கினால் இயந்திரம் தானே நின்றுவிடும் என்பதும், அப்போது நிரப்புத் திருகைத் திறந்து முள் பழைய இடத்துக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் லண்டனிலும் சூரிச்சிலும் குடியேறிய தமிழர் பலர் தம் முதற்பனிக்காலத்திலேயே கற்றுக்கொண்ட பாடங்கள். இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டிலோ, ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியசை ஒட்டியே நிற்பதால், மாதிரிப்பொருள் கிடைக்காமல் கொதிகலன் ஆய்வுத்துறை வளராதிருக்கிறது. கொதிகலன் என்னும் பெயருக்கு முழுத் தகுதி உடையவை அங்கு நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையத்திலேயே உள்ளன. 2011 இல் இயங்கத் தொடங்கிப் பின்னர் 300 மெகாவோட் அலகுகள் மூன்றாக வளர்ந்த அந்நிலையத்தில் நீராவியின் அழுத்தம் நூறு பாரையும் தாண்டுவது. எனினும் அங்கிருந்து எந்தக் குளியலறைக்கும் குழாய் இழுக்கப்படவில்லை. ஆகவே ஆய்வாளர் கண்ணை ஷவரின் பக்கம் திருப்ப வேண்டியவராகிறார்.

இப்பகுதியின் வழமையான ஏற்பாடு எளியது: மணற்கிணற்றிலிருந்து மோட்டர் நீரை இறைத்துக் கூரைமேல் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கியில் நிரப்ப, அந்நீர் தன் எடையால் குழாய்வழி இறங்கிக் குளிப்பவர் தலையில் விழுகிறது, அல்லது விழ முயல்கிறது. இந்த முயற்சி ஏன் தளர்கிறது என்பதில் பெருந்தாங்கிவாதிகள், உயர்தாங்கிவாதிகள் என இரு கட்சியினர் உண்டு. 500 லீற்றர்த் தாங்கியை அகற்றி 1000 லீற்றர்த் தாங்கியை வைத்தால் தண்ணீர் வேகமாக வரும் என்பது முன்னவர் கொள்கை; குடும்பத் தலைவர்களில் பெரும்பான்மையோர் இதையே ஆதரிக்கின்றனர். இக்கொள்கையைச் சைமன் ஸ்டெவின் 1586 இலேயே மறுத்துவிட்டார்: திரவம் அடியில் தரும் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்ததேயன்றி அளவைப் பொறுத்ததன்று என அவர் நிறுவினார். ஷவரின் முகத்துக்கும் தாங்கியின் நீர்மட்டத்துக்கும் இடையே ஒன்றரை மீற்றர் இருந்தால் கிடைப்பது 0.15 பார் மட்டுமே. தாங்கியில் ஒரு குடம் நீர் இருந்தாலும் ஒரு களப்பே இருந்தாலும் கணக்கு அதுதான். ஆயினும் ஸ்டெவினின் நூல் ஒல்லாந்த மொழியில் எழுதப்பட்டதும், அம்மொழி பேசியோர் 1667 முதல் 1676 வரை கற்பிட்டியில் கோட்டை கட்டுவதிலேயே மும்முரமாக இருந்ததும் அக்கருத்து இங்கு பரவாமைக்குக் காரணங்களாகலாம்.

உயர்தாங்கிவாதிகள் அறிவியலின் பக்கம் நிற்பினும், அவர்களுக்கும் ஓர் இடர் உண்டு. 1644 இல் டொரிசெல்லி வெளியிட்ட விதிப்படி, துளையிலிருந்து பாயும் நீரின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தோடு மட்டுமே கூடுவது. அதாவது ஒன்றரை மீற்றரை மூன்றாக்கினால் நீர் இருமடங்காகாது, ஒன்று தசம் நான்கு மடங்கே ஆகும். இருமடங்கு வேண்டுவோர் ஆறு மீற்றருக்கு ஏற வேண்டும். ஆயிரம் லீற்றர் நீர் ஒரு தொன் எடையுடையதாகையால், அதை மணலில் ஊன்றிய தூண்களின்மேல் அவ்வுயரத்தில் நிறுத்துவது, வைகாசி தொடங்கி வீசும் சோளகக் காற்றோடு வழக்காடுவதாகும்.

அதே சோளகம்தான் பிரச்சினையின் அடுத்த கட்டத்துக்கும் காரணம். அக்காற்றை நம்பிப் பட்டச் சறுக்கலுக்கு வரும் வெளிநாட்டார் மாலையில் நனைந்து நடுங்கித் திரும்பிச் சுடுதண்ணீர் கேட்பதனாலும், ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வரும் மைத்துனர் முப்பது பாகைச் சூட்டிலும் அதையே கேட்பதனாலும், குளியலறைச் சுவர்களில் உடனடி மின்சூடாக்கி என்னும் வெள்ளைப் பெட்டி தோன்றலாயிற்று. இதற்குள் நீரோட்டத்தை உணரும் ஆளி ஒன்று உண்டு. போதிய நீர் பாயாவிடில், சூட்டுச் சுருள் எரிந்துவிடாமல் காக்க, அது மின்சாரத்தைச் சேர விடாது. விளைவாக, சிவப்பு விளக்கு எரிய, பெட்டி சுவரில் கம்பீரமாக வீற்றிருக்க, தண்ணீர் கிணற்றுச் சூட்டிலேயே சொட்டுகிறது. குளிர்நாட்டுக் கொதிகலன் அழுத்தம் இறங்கியதும் நின்றுவிடுவது போன்றதே இதுவும். இரு நாட்டு இயந்திரங்களின் பிடிவாதமும் ஒரே குலத்தைச் சேர்ந்தது என்பது இவ்விசாரணையின் முக்கியக் கண்டுபிடிப்பாகும்.

குழாய் வேலை பார்க்கும் பாஸை அழைத்தால் அவர் முதலில் குழாயின் பருமனைக் கேட்பார், கேட்பது சரியே. ஒரே அளவு நீரைக் கொண்டுசெல்கையில் உராய்வால் ஏற்படும் இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழ எதிர்விகிதமாக இருப்பதால், அரை அங்குலக் குழாய் முக்கால் அங்குலக் குழாயைவிட ஏழு மடங்குக்கும் மேல் அழுத்தத்தைத் தின்றுவிடுகிறது. அடுத்து அவர் ஷவர் முகத்தைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். சிப்பியும் முருகைக்கல்லும் அரைபட்ட மணலினூடே ஊறிய நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, சூடேறும் இடத்தில் படிந்து துளைகளை அடைக்கிறது. ஓரிரவு வினாகிரியில் ஊறவைத்தால் கரைந்துபோகும். முருகைக்கல்லால் எழுந்த ஒல்லாந்தர் கோட்டையின் மூலப்பொருளே ஷவரிலும் மதில் கட்டுகிறது என்பதைக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் கவனிக்கத் தவறியுள்ளனர். குழாய் எங்கேனும் மேல்நோக்கி வளைந்து அங்கு காற்று தங்கினால் நீர் அறவே நின்றுபோகும். அதற்குத் தாங்கியின் நீர்மட்டத்துக்கு மேல் உயரும் மூச்சுக்குழாய் ஒன்று போதும்.

இவை யாவும் தோற்றபின் வருவது அழுத்த மோட்டர். நிமிடத்துக்கு நாலு லீற்றர் தந்த ஷவரைப் பன்னிரண்டு லீற்றர் தரச் செய்ய வல்லது இது. விலை தவிரக் குறையில்லாதது போலத் தோன்றும். ஆனால் அது கூடுதலாகச் செலவழிக்கும் கற்பிட்டியின் கிணற்று நீர், மணலுக்கடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர் வில்லையொன்றிலிருந்து வருகிறது. அவ்வில்லையின் கணக்கை 1880களின் இறுதியில் நெதர்லாந்து இராணுவப் பொறியாளர் பாடோன் கைபனும், 1901 இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே எழுதினர்: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கும். (கற்பிட்டிக்கு இத்துணைப் பொருத்தமான விதியை ஒல்லாந்தர் அவ்விடத்தை ஆங்கிலேயரிடம் இழந்து ஏறத்தாழ நூறாண்டு கழித்தே கண்டறிந்தனர்.) இதன் மறுபக்கம் கடுமையானது, நீர்மட்டம் பத்துச் சென்ரிமீற்றர் நிலையாக இறங்கினால் உவர் எல்லை நான்கு மீற்றர் மேலேறக்கூடும். வெங்காயப் பாத்திகளும் மிளகாய்த் தோட்டங்களும் ஏற்கெனவே அவ்வில்லையிலிருந்தே குடிக்கின்றன. கூரையில் ஒரு மீற்றருக்குக் கிடைக்கும் மதிப்பு 0.1 பார், நிலத்தடியில் அதே மீற்றருக்கு நாற்பது மீற்றர் குடிநீர். உயரமே அரிதான இத்தட்டையான மண்ணில் எங்கே சிக்கனம் தகும் என்பதில் இக்கட்டுரை தயக்கமின்றிக் கிணற்றின் கட்சியைச் சேர்கிறது.

மேலும், சூடாக்கி உண்மையில் தேவைதானா என்பதும் ஐயத்துக்குரியது. கூரைமேல் வெயிலில் நிற்கும் கறுப்புத் தாங்கியே, யாரும் அணைக்க இயலாத ஒரு வீட்டுக் கொதிகலனாகப் பகல் முழுதும் தொழிற்படுவதால், பிற்பகல் இரண்டு மணிக்குப் பச்சைத்தண்ணீர்ப் பைப்பைத் திறந்தவர் கையை இழுத்துக்கொள்வார். காலையில் குளிர் என்று முறையிட்ட மைத்துனர் பகலில் சூடு என்று முறையிடுவது இதனாலேயே. அனுபவமுள்ள வீட்டார் அந்நேரத்தில் ஒரு வாளியை நிரப்பி மூடிவைத்து மாலைக்கு எடுத்துக்கொள்கின்றனர். வாளிக் குளியலின் நீரியல் இதுவரை முறையாக அளக்கப்படாதது ஒரு குறையே. ஒரு லீற்றர்க் கோப்பையை ஒரு விநாடியில் தலையில் கவிழ்ப்பவர், அவ்விநாடியளவில், நிமிடத்துக்கு 60 லீற்றர் என்னும் வீதத்தை எட்டுகிறார், அழுத்த மோட்டர் பூட்டிய ஷவரின் ஐந்து மடங்கு.