மாப்ளே, பிரேக்கைக் கழட்டிட்டீகளாமே!

வாங்க மெக்கானிக் மாப்ளே! போனுல படம் பாத்தே முன்வீலைக் கழட்டிட்டீங்க, பேஷ். வெறும் ஜாக்கியை நம்பி அடியில தலையைக் குடுக்குற தைரியம் எங்க வம்சத்துல ஒருத்தனுக்கும் கெடையாது. எதுக்கும் ஒரு ஸ்டாண்டை முட்டுக்குடுங்க, பின்வீலுக்குக் கல்லு வையிங்க. என் மக சின்ன வயசுக்காரி.

நம்ம மாவட்டத்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட 1920-கள்ல கல்கத்தா வரைக்கும் போனாங்க. நீங்க கட்டில்ல படுத்துக்கிட்டே படிச்சு முடிச்சிட்டீங்க! உரசல்லயே கஞ்சி குடிக்கிற மாவட்டம்யா இது. தீக்குச்சிக்கு உரசணும். பட்டாசு மருந்து கலக்குற ரூம்ல உரசவே கூடாது, அதான் இரும்புச் சாமானே உள்ள வராது. இந்தா, முஷ்டக்குறிச்சி பக்கம் டி.எஸ்.கே.புரத்துல பிரேக் லைனிங்கே செய்யுறான்.

சரி, கழட்டுன பிரேக் பேடைக் காட்டுங்க. உள்பக்கத்துப் பேடு தகடாத் தேஞ்சிருச்சு, வெளிப்பக்கத்துது பாதிக் கனத்துக்கு அப்படியே இருக்கு. இதைப் பாக்காமலா புதுசை மாட்டப் போனீங்க? காலிப்பர் நகர்ற பின்னை உருவுங்க. பாத்தீகளா, ரப்பர் கிழிஞ்சு கரிசப் புழுதி குடியிருக்கு. பின்னு இறுகிட்டா பிஸ்டன் பக்கத்துப் பேடு மட்டும் சம்சாரத்தை இழுக்கும், மத்தது சம்பந்தி மாதிரி உக்காந்திருக்கும். துடைச்சு, ரப்பரை மாத்தி, சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. கண்ட கிரீஸைப் போட்டா ரப்பர் ஊதிப்போகும். அந்தக் கையோட பேடு முகத்தைத் தடவிக் கொஞ்சாதீங்க.

காலிப்பரை ஹோஸ்லயே தொங்கவிட்டிருக்கீங்களே, அது என்ன புடலங்காயா? கம்பி போட்டுக் கட்டுங்க. பிஸ்டனை உள்ள தள்ளும்போது மேல டப்பாவுல ஆயில் ஏறும், ஒரு கண்ணு அங்கயும் இருக்கட்டும். பொங்கி வழிஞ்சா பெயிண்டு உரிஞ்சிரும், கடனும் முடியாத வண்டி.

வீல் நட்டை எதிரும் புதிருமா முடுக்கணும். கடைசி முடுக்கு வண்டியைத் தரையில எறக்குன பெறகு.

பிஸ்டன் உள்ள போனதுனால முதல் மிதி சும்மா கீழ போகும். பெடல் கெட்டியாகுற வரைக்கும் நின்ன எடத்துலயே மிதிங்க. மறந்தா வண்டி என் காம்பவுண்டு சுவத்துலதான் போயி நிக்கும். கொத்தனாரு கூலியும் சீதனத்துல சேத்தின்னு மட்டும் நெனச்சிராதீங்க.