புயல் எங்கே, நீங்கள் எங்கே?

கடலூர் முதுநகர் வாசகர்: துறைமுகத்தில் இரண்டாம் எண் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். பயப்பட ஆரம்பிக்கலாமா?

பதில்: கூண்டு உங்களுக்காக ஏறவில்லை, கப்பல்காரர்களுக்காக ஏறியிருக்கிறது. 1, 2 என்றால் புயல் எங்கோ தூரக் கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரக்கூடும். அதற்கு மேல்தான் வேடிக்கை. 5, 6, 7 மூன்றும் ஒரே தரத்துப் புயலைத்தான் சொல்கின்றன. துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் கடக்குமா, அந்தப் பக்கம் கடக்குமா, தலைக்கு மேலேயே கடக்குமா என்பதுதான் வித்தியாசம். 8, 9, 10 அதே கணக்கு, புயல் மட்டும் கடுமையானது. ஆகவே, ‘எட்டு போய் ஒன்பது வந்துடுச்சு’ என்று டீக்கடையில் அலறுகிறவரிடம், புயல் வளரவில்லை, பக்கம்தான் மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள். 11 தனி ரகம். எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனால் அது ஏறும். ‘எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை’ என்பதை அரசாங்கம் கம்பத்தில் ஏற்றி ஒப்புக்கொள்வது அநேகமாக இந்த ஒரு சங்கதியில்தான்.

மடிப்பாக்கம் வாசகி: புயல் என்று அறிவித்ததும் கடையில் முதலில் தீர்ந்துபோவது எது?

பதில்: பால் பாக்கெட், பிரெட், மெழுகுவத்தி. தீரவே தீராதது வாட்ஸ்அப் ஆலோசனை.

கும்பகோணம் வாசகி: என் மகன் அமெரிக்காவில் டாம்பா நகரில் இருக்கிறான். ஹரிக்கேன் வரும்போதெல்லாம் ஒரு கூம்புப் படத்தை அனுப்பி, ‘நாங்க கூம்புக்கு வெளியேதாம்மா இருக்கோம்’ என்கிறான். நிம்மதியாகத் தூங்கலாமா?

பதில்: அந்தக் கூம்பை வரைவது மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையம். புயலின் மையப்புள்ளி எங்கெல்லாம் போகக்கூடும் என்பதற்கு மட்டுமே அந்தப் படம். கடந்த ஐந்து வருடங்களில் தாங்கள் எவ்வளவு தவறினோம் என்று பார்த்து, அந்தத் தவறின் அளவுக்குக் கூம்பை விரிக்கிறார்கள். மூன்றில் இரண்டு முறை மையம் அதற்குள் நிற்கும், ஒரு முறை தாண்டிப் போகும். அதைத் தெரிந்தே வரைகிறார்கள். புயலின் அகலத்துக்கும் கூம்பின் அகலத்துக்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் மகன் ஊரையே எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் இயான் வந்தபோது படத்தின் நடுக்கோடு நாள்கணக்கில் டாம்பாவைக் காட்டியது. டாம்பா ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டு காத்திருந்தது. புயல் தெற்கே நழுவி 28-ஆம் தேதி ஃபோர்ட் மயர்ஸ் பக்கம் ஏறியது. அந்த ஊர் கூம்பின் ஓரத்தில் கடைசி வரை இருந்ததுதான், ஆனால் நடுக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஓரம் கண்ணில் படவில்லை. ஊரைக் காலி செய்யும் உத்தரவும் அங்கே முந்தின நாள்தான் வந்தது. டாம்பா விரிகுடாவிலோ தண்ணீர் வற்றி, ஜனங்கள் தரையில் இறங்கி நடந்தார்கள்.

அடுத்து 2024 செப்டம்பரில் ஹெலீன். டாம்பாவுக்கு நூறு மைலுக்கு அப்பால் கடலிலேயே கடந்து, வடக்கே எங்கோ கரையேறியது. ஆனால் டாம்பா விரிகுடா அதுவரை பதிவாகாத உயரத்துக்குப் பொங்கி வீடுகளுக்குள் புகுந்தது. இரண்டே வாரத்தில் மில்டன் டாம்பாவுக்குத் தெற்கே, பக்கத்திலேயே கரை கடந்தது. மறுபடி தண்ணீர் வற்றியது! தூரத்துப் புயலுக்குப் பொங்கிய விரிகுடா பக்கத்துப் புயலுக்கு வறண்டுபோனதில் மாயமில்லை. புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது போகும் திசைக்கு வலப்பக்கம் இருக்கும் கரையில் காற்று கடலை உள்ளே தள்ளும். இடப்பக்கக் கரையில் வெளியே இழுக்கும்.

எனவே மகனிடம் கூம்பைக் கேட்காதீர்கள். ஃபுளோரிடாவில் கடல் எவ்வளவு ஏறினால் எந்தத் தெரு முழுகும் என்று கணக்குப் போட்டு, வெளியேற்ற மண்டலங்களை ஏ, பி, சி என்று எழுத்திட்டுப் பிரித்திருக்கிறார்கள். ‘உன் வீடு எந்த எழுத்து?’ என்று கேளுங்கள். ‘ஏ’ என்றால் நீங்களும் தூங்க வேண்டாம், அவனையும் தூங்கவிட வேண்டாம்.

நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை வாசகர்: ரேடியோ, போன் இல்லாத காலத்தில் எங்கள் பெரியவர்கள் காற்றைப் பார்த்தே புயல் எங்கே நிற்கிறது என்று சொல்வார்களாம். நிஜமா, ஊர்ப்பெருமையா?

பதில்: நிஜம். நம் பக்கத்துப் புயலும் இடஞ்சுழிதான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம், சற்று முன்தள்ளி இருக்கும். பாய்ஸ் பாலட் என்ற நெதர்லாந்துக்காரர் 1857-இல் இதை எழுதி வெளியிட்டதால் அது அவர் பெயரில் விதியாகிவிட்டது. உங்கள் தாத்தா எழுதி வெளியிடவில்லை, அவ்வளவுதான்.

இதை வைத்துக் கரையில் நின்றபடியே புயலைத் தொடரலாம். வாடை விறைப்பாக அடிக்கிறது. வடக்குக்கு முதுகு காட்டினால் இடக்கை கிழக்கே, புயல் கடலில் நமக்கு எதிரே. இனி காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனிக்க வேண்டும். வாடை மெல்லக் கிழக்கிலிருந்து வரும் கொண்டலாகத் திரும்பினால் புயல் உங்களுக்குத் தெற்கே கரையேறுகிறது, கடல் உங்கள் பக்கம் ஏறும். வாடை மேற்கிலிருந்து வரும் கச்சானாகத் திரும்பினால் வடக்கே கரையேறுகிறது, கடல் உள்வாங்கும். திசையே மாறாமல் காற்று ஏறிக்கொண்டே போனால் புயல் உங்களைத்தான் தேடி வருகிறது. அப்போது இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டு ஜாக்கிரதை. மார்கழி வாடை புயல் இல்லாமலும் அடிக்கும். கோடியக்கரையைத் தாண்டிப் பாக் நீரிணைப் பக்கம் போனால் கரையே தெற்கு பார்த்துத் திரும்பிவிடுகிறது. அங்கே தெற்கிலிருந்து வரும் சோழகத்துக்குத்தான் கடல் ஏறும். அதோடு, காற்று சொல்வது சில மணி நேரத்துக்கு முன்னால். செயற்கைக்கோள் சொல்வது சில நாட்களுக்கு முன்னால். தாத்தாவை மதியுங்கள், வானிலை அறிக்கையையும் கேளுங்கள்.

குமரி மாவட்டம், தூத்தூர் வாசகி: கரையில் இருப்பவர்களுக்கு டிவி சொல்கிறது. ஆழ்கடலில் இருப்பவர்களுக்கு?

பதில்: ஒக்கி புயல் கேட்ட கேள்வி இது. 2017 நவம்பர் 29-இல் வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே புயலானது. உங்கள் ஊர்ப் படகுகள் அதற்குப் பல நாட்கள் முன்பே, போனும் வயர்லெஸ்ஸும் எட்டாத தூரத்துக்குப் போயிருந்தன. ‘கடலுக்குப் போகாதீர்கள்’ என்ற எச்சரிக்கை, போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கையே அல்ல. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் சேதி அனுப்பும், பதில் வாங்கும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளைப் படகுகளில் பொருத்தத் தொடங்கினார்கள். உங்கள் படகில் அது இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், ஓடுகிறதா என்று கேளுங்கள்.

புதுச்சேரி வாசகர்: ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டினால் பிரயோஜனம் உண்டா?

பதில்: டேப் விற்பவருக்கு உண்டு. கண்ணாடி உடையத்தான் உடையும். ஒட்டியதால் பெரிய பெரிய சில்லுகளாகப் பறக்கும். ‘ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும்’ என்று இன்னொருவர் வருவார். அவரையும் நம்பாதீர்கள். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும், ஆஸ்பெஸ்டாஸும் தகரமும் முதலில் கிளம்பும். எல்லாவற்றையும் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்கள். மொட்டை மாடியில் இருக்கும் பூந்தொட்டி, டிஷ், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் கீழே வரட்டும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலித் தொட்டி பறக்கும், நிறைந்த தொட்டி கரண்ட் இல்லாத நாட்களுக்கு உதவும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, வைத்த இடத்தை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசகர்: ரெட் அலர்ட் என்றதும் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவது சட்டப்படி சரியா?

பதில்: சட்டம் கிடக்கட்டும், இடம் கிடைத்ததா? 2024 அக்டோபரில் உங்கள் ஊர்க்காரர்கள் வரிசையாக நிறுத்தினார்கள். மழை சென்னைக்குப் போக்குக் காட்டிவிட்டு வடக்கே போய்விட்டது. ஊரே சிரித்தது. நான் சிரிக்க மாட்டேன். முந்தின டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கம், 5-ஆம் தேதி. வேளச்சேரி முழுகியது 4-ஆம் தேதியே. புயலுக்கு ஆந்திர முகவரி, தண்ணீருக்கு உங்கள் தெரு முகவரி. அதை அனுபவித்தவர் பத்து முறை வீணாகக் காரை ஏற்றினாலும் எனக்குக் குறை சொல்ல வாயில்லை. ஆம்புலன்ஸ் போக வழி விட்டால் சரி.

விழுப்புரம் வாசகர்: ‘புயல் கரையைக் கடந்தது’ என்று செய்தி ஓடியதும் டிவியை அணைத்துவிடலாம்தானே?

பதில்: விழுப்புரத்திலிருந்து இப்படி ஒரு கேள்வியா! ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்தது. காற்று பிரமாதமில்லை. ஆனால் கடந்த புயல் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. பிறகு நகர்ந்து போய், கடலையே பார்க்காத ஊத்தங்கரையை வெள்ளக்காடாக்கியது.

அறிக்கையில் இரண்டு வேகம் வரும். ஒன்று காற்றின் வேகம், டிவியில் கொட்டை எழுத்தில் ஓடுவது. மற்றது புயல் நகரும் வேகம், செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் சொல்வது. நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள். விரைந்து போகும் புயல் மரத்தைச் சாய்க்கும். நின்று போகும் புயல் ஊரை முக்கும்.

இன்னொன்று: திடீரென்று காற்று நின்றால் கடந்துவிட்டது என்று நினைத்து வெளியே வராதீர்கள், புயலின் கண் தலைக்கு மேல் இருக்கலாம். 2016 டிசம்பர் 12-இல் வர்தாவின் கண் சென்னை மேல் வந்தபோது விழுந்த மரத்தைப் படம் பிடிக்க இறங்கினார்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று வந்தது, மிச்சமிருந்த மரங்களை விழத்தட்ட.

திருச்சி வாசகர்: புயலுக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று வைக்கக் கூடாதா?

பதில்: வைத்தாயிற்று, ‘முரசு’. 13 நாடுகள் ஆளுக்குப் 13 பெயர் கொடுத்து 2020-இல் வெளிவந்த 169 பெயர்ப் பட்டியலில் இந்தியா தந்த பெயர்களுள் ஒன்று. நமக்கு வந்த கஜா இலங்கை வைத்தது, வர்தா பாகிஸ்தான் வைத்தது. ஆனால் பெயருக்கு ரொம்ப மரியாதை கொடுக்காதீர்கள். காற்று மணிக்கு 62 கி.மீ. தொட்டால்தான் பெயர். 2015 டிசம்பரில் சென்னையை முழுக்கடித்த மழைக்குப் பெயரே கிடையாது.

கோவை வாசகர்: அமெரிக்காவில் ஓட்டலை வைத்துப் புயலை அளக்கிறார்களாமே?

பதில்: புயலை அல்ல, அது செய்துவிட்டுப் போன சேதத்தை. வாஃபிள் ஹவுஸ் என்ற ஓட்டல்கள் அங்கே இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருப்பவை. பேரிடர் நிர்வாகத் தலைவராக இருந்த கிரெய்க் ஃபியூகேட் ஒரு கணக்கு சொன்னார். முழு மெனுவும் கிடைத்தால் பச்சை, பாதி மெனு என்றால் மஞ்சள், கதவு சாத்தியிருந்தால் சிவப்பு, அங்கே உடனே ஓடு. நம் ஊரில் இதற்கு டீக்கடை போதும். ஆனால் நம் டீக்கடைக்காரர் இடுப்பளவுத் தண்ணீரிலும் பாய்லரை ஏற்றிவிடுவார், சிவப்பே வராது.

பேராவூரணி வாசகர்: கஜாவில் தோப்பே போனது. அடுத்த புயலுக்குத் தென்னையைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: புயல் எச்சரிக்கை வந்ததும் முற்றிய காய்களை இறக்கி, கனத்த கீழ்மட்டைகளைக் கழித்துத் தலைப்பாரத்தைக் குறைக்கலாம். கஜா மாதிரி நேராக வந்தால் அதுவும் உத்தரவாதமில்லை. தென்னைக்குக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதைச் சித்திரையில் யோசியுங்கள், ஐப்பசியில் அல்ல.

வேதாரண்யம் வாசகி: புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகலாம் என்றால் மாமியார், ‘ஆட்டை விட்டுட்டு வர மாட்டேன்’ என்கிறார். எப்படிக் கிளப்புவது?

பதில்: ஆட்டை முதலில் கிளப்புங்கள். கேலி இல்லை. 2005-இல் கத்ரீனா வந்தபோது நாயையும் பூனையையும் விட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். மறுவருடமே, வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் வைக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. உங்கள் மாமியார் சொல்வது முரண்டு அல்ல, அது அவருடைய சேமிப்புக் கணக்கு. ஆட்டுக்கு மேட்டு இடம் முந்தின நாளே பார்த்துவிட்டால் பாதி வாதம் முடிந்தது.

அப்போதும் அசையாவிட்டால் டெக்சாஸ்காரர்களிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. 2017-இல் ஹார்வி வந்தபோது ராக்போர்ட் ஊர் அதிகாரி, ‘போகாமல் தங்குகிறவர்கள் தங்கள் பெயரையும் அடையாள எண்ணையும் கையில் அழியாத மையால் எழுதிக்கொள்ளுங்கள்’ என்றார். எதற்கு என்று அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் ஆதார் எண் என்னவென்று கேட்டுப் பாருங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவன், காரைக்கால்: எங்களுக்கு லீவு விடுவது வானிலை மையமா, கலெக்டரா?

பதில்: கலெக்டர். வானிலை மைய ரமணன் சார் டிவியில் வந்த காலத்தில் பிள்ளைகளெல்லாம் அவரைத்தான் கும்பிட்டார்கள், பாவம் அவருக்கு அந்த அதிகாரமே இல்லை. விட்ட லீவுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைப்பது யார் என்று அடுத்த கேள்வி அனுப்பாதே.