ஸ்டோர் வேறு, ஸ்டோர்ஸ் வேறு

ஹார்ட்ஃபர்ட், கனெக்டிகட்
26 ஒக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிறு அம்மா ஃபோனில் கேட்ட கேள்வியால் ஒரு கிழமையாக எனக்குத் தூக்கமில்லை. "ஏண்டா, லொத்தர் விழுந்து அமெரிக்கா போயும் நீ ஸ்டோருக்குத்தான் போறியா? கூடை கூடைங்கிறியே, அங்கயும் கொழுந்தா?"

தப்பு என்மேல்தான். "கூடைப்பந்து பார்க்க ஸ்டோர்ஸுக்குப் போறேன்" என்று சொன்னேன். நம்ம மலைச் சிக்னல் பந்தை விழுங்கிவிட்டது, ஊர்ப்பேரின் வாலையும் விழுங்கிவிட்டது. அம்மா காதில் மிஞ்சியது கூடையும் ஸ்டோரும். நம்ம ஊரில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலைதானே. அது மேட்டு லயம் முழுக்கப் பரவி, மச்சான் வாட்ஸ்அப்பில் "அங்க கிலோவுக்கு எவ்வளவு போடுறாங்க?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். பீலிக்கரையில் வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசி.

ஸ்டோர்ஸ் என்பது ஓர் ஊர். இங்கிருந்து பஸ்ஸில் போகலாம். தேயிலை வாசம் கிடையாது, காற்று மாறி அடித்தால் மாட்டுக் கொட்டில் வாசம் வரும். ஸ்டோர்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் காணி கொடுத்து, 1881இல் விவசாயப் பள்ளிக்கூடமாகத் தொடங்கிய இடம்தான் இன்றைக்குக் கனெக்டிகட் பல்கலைக்கழகம். அங்கே என்ன படிப்பிக்கிறார்கள் என்று இந்த ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பேச்செல்லாம் அங்கே படிக்கும் பெண் பிள்ளைகளின் கூடைப்பந்து அணியைப் பற்றித்தான். அணியின் பேர் ஹஸ்கீஸ். ஹஸ்கி என்றால் பனியில் வண்டி இழுக்கிற நாய். அணிக்கென்று உயிரோடு ஒரு நாயும் உண்டு. அதன் பேர் ஜொனதன், அந்தக் காலத்து ஆளுநர் ஒருவரின் பேர். நம்ம தோட்டத்தில் துரை பேரை நாய்க்கு வைத்துக் கூப்பிட்டுப் பார், மறுநாள் காலை வேலை பிரிக்கிற பிரட்டில் நமக்குப் பேர் இருக்காது.

நீ ஆடிய நெட்போலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மருமகள் கேட்டாளாம். சொல். இங்கே ஏழு பேர் இல்லை, ஐந்து பேர். நெஞ்சில் ஜி.எஸ்., ஜி.ஏ. என்று எழுத்துத் தொங்காது. யாரும் எங்கேயும் ஓடலாம். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடலாம். நீ அப்படி ஓடியிருந்தால் டீச்சர் விசிலாலேயே உன் காதைக் கிழித்திருப்பார். வளையத்துக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கிறது, குறி கொஞ்சம் தப்பினாலும் அது பார்த்துக்கொள்ளும். வளையத்தின் உயரம் மட்டும் இரண்டு ஆட்டத்துக்கும் ஒன்றுதான்: 10 அடி. நம்ம தர்ஜினி சிவலிங்கம் மாதிரி 6 அடி 10 அங்குலத்தில் ஒரு பிள்ளை இங்கே வந்திருந்தால் எல்லாப் பல்கலைக்கழகமும் வாசலில் வரிசை கட்டியிருக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆசியக் கிண்ணம் ஜெயித்த அணியில் ஆடியவர் என்று இங்கே ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். "நெட்போல் என்றால் என்ன?" என்று கேட்டார். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒரு பாட்டி. நான் சமைக்கிற முதியோர் இல்லத்தில் இருப்பவர், வயது 91. காது கேட்காது, ஆனால் நடுவர் தப்பாக விசில் ஊதினால் மட்டும் கேட்கும். போன வருஷம் அவரை ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் கண்ணாடிப் பை விவகாரம் நடந்தது.

இங்கே பெரும்பாலான விளையாட்டரங்குகளில் ஒரு சட்டம்: கொண்டுபோகும் பை உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், 12 அங்குலத்துக்கு மேல் கூடாது. நான் எதற்கும் இருக்கட்டும் என்று ரொட்டி, கட்டசம்பல், குரங்குத் தொப்பி, சித்தாலேபத் தைலம், அம்மா கட்டிக்கொடுத்த விபூதிப் பொட்டலம் எல்லாவற்றையும் அப்படி வாங்கிய ஒரு பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். காவல்காரர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கணக்கப்பிள்ளை முற்றல் இலை தேடுவாரே, அதே பார்வை. "இது என்ன வெள்ளைத் தூள்?" என்றார். எனக்கு இங்கிலீஷ் முழுவதும் மறந்துபோனது. பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் மூன்று கோடு இழுத்துக் காட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார். வரிசையில் நின்ற சனம் ஃபோனைத் தூக்கியது. பாட்டி சக்கர நாற்காலியிலிருந்து நெற்றியை நீட்டி, "எனக்கும் வை" என்றார். வைத்தேன். அதற்கு மேல் எங்களைத் தடுக்கக் காவல்காரருக்குத் தைரியம் வரவில்லை. ரொட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார், சம்பலை மோந்து பார்த்துவிட்டு அவரே தூர வைத்தார்.

காசு கொடுத்து வாங்கிய பையைச் சும்மா போட மனசு வருமா? வேலைக்கும் கடைக்கும் இப்போது அதுதான். நான் பாதி விலைக்கு வாங்கும் கோழிக்கால் தெரு முழுக்கத் தெரிகிறது. பையில் சித்தாலேப இருப்பது தெரிந்து, இல்லத்தில் முழங்கால் வலிக்காரர்கள் சைகை காட்டுகிறார்கள். கொடுக்கக் கூடாது என்பது இல்லத்துச் சட்டம். ஒளித்துவைக்கலாம் என்றால் பை கண்ணாடி. நம்ம லயத்திலும் ஒரு வீட்டில் இருமினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும்தான். ஆனால் அங்கே யாரும் அதற்குப் பை விற்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சீசன் தொடங்கப் போகிறது. பாட்டியும் நானும் கணிப்பு எழுதிச் சமையலறைக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். போன சீசனில் எனக்குப் படுதோல்வி. தென் கரோலினாதான் தேசியக் கிண்ணம் எடுக்கும் என்று எழுதினேன். இந்த ஏப்ரல் 6ஆம் திகதி இறுதியாட்டத்தில் நம்மவர்கள் அவர்களை 82க்கு 59 என்று சுருட்டிவிட்டார்கள். மொத்தம் 12ஆவது கிண்ணம். தோற்றதற்குத் தண்டனையாக ஒரு மாதம் பாட்டிக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினேன்.

இந்தச் சீசனில் நான் முன்ஜாக்கிரதை. நம்ம அணியில் முன்னால் நின்ற பேஜ் பெக்கர்ஸ் படிப்பு முடித்து டலஸுக்குத் தொழில்முறையாக ஆடப் போய்விட்டார். கொழுந்து நெறையில் முன்னால் போகிற ஆள் இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்கள் கை தளரும் என்பது அம்மா சொல்கிற கணக்கு. ஆனால் அஸி ஃபட் இன்னும் இருக்கிறார். முழங்கால் தசைநார் இரண்டு தடவை அறுந்தும் திரும்பி வந்தவர். சேரா ஸ்ட்ராங் இரண்டாம் வருஷம்தான் படிக்கிறார். அந்த இறுதியாட்டத்தில் இருவரும் ஆளுக்கு 24 புள்ளி. இவர்களுக்குக் கங்காணி, பயிற்சியாளர் ஜீனோ ஓரியெம்மா, 1985இலிருந்து அதே இடம். அவரும் ஏழு வயதில் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்துப் பிள்ளைதான். ஓரத்தில் நின்று அவர் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்தால் எனக்கே கொழுந்து குறைந்துவிட்டதோ என்று பயம் வரும்.

ஆகவே என் கணிப்பு: கிண்ணம் நமக்கே. ஆனால் வழியில் இரண்டு தோல்வி. பாட்டி ஒரு தோல்வியும் இல்லை என்கிறார். தோல்வியே இல்லாத சீசன் இவர்களுக்கு ஏற்கெனவே ஆறு உண்டாம். நான் 2017ஐ ஞாபகப்படுத்தினேன். 111 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து வந்தவர்களை மிசிசிப்பி ஸ்டேட் அணியின் மோர்கன் வில்லியம் மேலதிக நேரத்தின் கடைசி நொடியில் போட்ட ஒரே பந்தால் வீட்டுக்கு அனுப்பினார். அவர் உயரம் 5 அடி 5 அங்குலம். பாட்டி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இஞ்சித் தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

அக்கா, ஒரு விஷயம் மச்சானிடம் சொல். இங்கே முன்பெல்லாம் கொலேஜில் ஆடும் பிள்ளைகள் அதைக் காட்டிக் காசு வாங்கக் கூடாது. 2021 ஜூலையிலிருந்து தங்கள் பேரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து வாங்கலாம். "பேருக்குக் காசு" என்று பாட்டி விளக்கியபோது, எங்கள் ஊரிலும் பேருக்குத்தான் காசு என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், இந்த 2025 கணக்கில் 1,350 ரூபாய், கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று எடுத்துச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாருடைய பேரில் பாதியை வெட்டுவார்கள்?" என்று கேட்டார். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நீ ஒன்பதாம் வகுப்பில் நுவரெலியாவுக்கு ஆடப் போனாயே, இராகலை தாண்டுவதற்குள் பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, இறங்கி 17 கோல் போட்டாயே. பாட்டியிடம் அதைச் சொன்னேன். "இப்போது எங்கே ஆடுகிறாள்?" என்றார். அப்பா படுத்த வருஷம் நீ படங்கு கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போனதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஸ்டோர்" என்று மட்டும் சொன்னேன். "ஓ, ஸ்டோர்ஸ்!" என்று பாட்டி கை தட்டினார். நான் திருத்தவில்லை.

மருமகள் இப்போது ஜி.எஸ். ஆடுகிறாள் என்று கேள்வி. அவளுக்கும் ஒரு கணிப்பு எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். என்னவென்று சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்துக் கம்பம் நீ ஆடிய காலத்திலேயே சாய்ந்து, 9½ அடிக்கு வந்திருந்தது. அதனால்தான் உனக்கு 17 விழுந்தது என்று மச்சான் இன்னும் சொல்வார். நுவரெலியாக் கம்பம் சாயவில்லை என்று அவரிடம் சொல். காசு அனுப்புகிறேன், நம்ம கம்பத்தை நிமிர்த்திச் சீமெந்து போடச் சொல். அவள் 10 அடிக்கே பழகட்டும்.

சித்தாலேப பெரிய போத்தலாக ஐந்து அனுப்பு. அம்மாவிடம் தேயிலை இல்லை, பந்து என்று சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி