ஆறு புறாக்களும் ஒரு கயிறும்

1862 செப்டம்பர் 5, மதியம் ஒரு மணி. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் என்ற ஊர். நிலக்கரி வாயு நிரப்பிய பலூனின் கூடைக்குள் இரண்டு கனவான்கள் ஏறி உட்கார்ந்தார்கள். ஒருவர் ஜேம்ஸ் கிளெய்ஷர், வயது 53, கிரீனிச் வானாய்வகத்தில் வானிலைப் பிரிவின் தலைவர். மற்றவர் ஹென்றி காக்ஸ்வெல். பல் வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு பலூன் ஓட்ட வந்தவர். இந்தப் பல் விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போகப் போகக் குளிரும் என்பது ஊட்டிக்குப் போன எவருக்கும் தெரியும். அந்தக் குளிர் எங்கே போய் நிற்கும் என்பதுதான் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதை அளந்து வரத்தான் இந்தப் பயணம். கூடையில் தெர்மாமீட்டர்கள், பாரமானிகள், ஒரு பென்சில், கொஞ்சம் பிராந்தி, ஆறு புறாக்கள். ஆக்சிஜன் இல்லை. புறாக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை.

சுமார் 5 கிலோமீட்டரில் முதல் புறாவைத் தூக்கிப் போட்டார்கள். சிறகை விரித்தது, காகிதம் மாதிரி விழுந்தது. அடுத்தது எப்படியோ சுற்றிச் சுற்றிப் பறந்து சமாளித்தது. அதற்கும் மேலே விட்ட மூன்றாவது, கல்லாக விழுந்தது. புத்தியுள்ளவர்கள் இந்த இடத்தில் இறங்கியிருப்பார்கள். இவர்கள் மணல் மூட்டையைக் கொட்டி இன்னும் மேலே போனார்கள்.

சுமார் 8,800 மீட்டரில் கிளெய்ஷருக்குப் பாதரச மட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. மேஜை மேல் இருந்த கையைத் தூக்கப் பார்த்தார், வரவில்லை. தலை தோளில் சாய்ந்தது. பேச வாயெடுத்தார், நாக்கு எழவில்லை. ஆள் அவுட்.

இறங்க வேண்டுமானால் வால்வைத் திறந்து வாயுவை வெளியே விட வேண்டும். பலூன் சுற்றிக்கொண்டே வந்ததில் வால்வுக் கயிறு மேலே எங்கோ சிக்கிக்கொண்டிருந்தது. காக்ஸ்வெல் கூடையை விட்டு மேல் வளையத்துக்கு ஏறினார். கைகள் உறைந்து கறுத்துவிட்டன, விரல்கள் மடங்கவில்லை. முழங்கையை ஊன்றிச் சறுக்கி வந்து கயிற்றைப் பல்லால் கவ்வினார். இரண்டு மூன்று முறை தலையைக் கீழே இழுத்தார். வால்வு திறந்தது. ஊரார் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தவரை அன்றைக்குச் சொந்தப் பல் காப்பாற்றியது.

கிளெய்ஷரை எழுப்ப அவர் காதில் சொன்ன வார்த்தைகள் என்ன தெரியுமா? “வெப்பநிலை.” “அவதானிப்பு.” தூங்குகிற குமாஸ்தாவை “ஆடிட்” என்று சொல்லி எழுப்புவது போல. ஏழு நிமிட மயக்கத்திலிருந்து விழித்த மனிதர், நண்பரின் கறுத்த கைகளில் பிராந்தியை ஊற்றிவிட்டு, பென்சிலை எடுத்துக் கணக்கெழுத ஆரம்பித்துவிட்டார். 37,000 அடி, அதாவது 11 கிலோமீட்டர் போனோம் என்பது அவர் வாதம். மயங்கிக் கிடந்த நேரத்துக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு என்பதால் பிற்பாடு வந்தவர்கள் முழுசாக ஏற்கவில்லை. தரையிறங்கிய கிராமத்தில் வண்டி கிடைக்காமல் ஏழெட்டு மைல் நடந்தார்கள் இந்த உலக சாதனையாளர்கள்.

கிளெய்ஷர் ஏன் மயங்கினார்? காற்று மேலே போய் வேறு சரக்காக மாறிவிடவில்லை. நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21, ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான் (1894 வரை இப்படியொரு ஆசாமி இருப்பதே தெரியாது). 80 கிலோமீட்டர் உயரம் வரை ஏறக்குறைய இதே விகிதம்தான். ஆனால் 9 கிலோமீட்டரில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. ரேஷன் கார்டு அதேதான், கடையில் சரக்கு இல்லை. 1875-இல் பிரான்சிலிருந்து ‘செனித்’ பலூனில் மூவர் ஆக்சிஜன் பைகளோடே போனார்கள். இருவர் பிணமாக இறங்கினார்கள்.

ஆளை அனுப்பினால்தானே வம்பு என்று முடிவு செய்தவர் லியோன் டெஸ்ஸெரான் த போர். பாரிஸ் அருகே டிராப் என்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு, தானே பதிவு செய்யும் கருவியைக் கட்டி காகித பலூன்களை அனுப்பினார். 11 கிலோமீட்டர் வாக்கில் வெப்பநிலை இறங்குவதை நிறுத்திவிட்டது. அவரே நம்பவில்லை. வெயிலில் கருவி சூடாகியிருக்கும் என்று ராத்திரியிலும் விட்டுப் பார்த்தார். மாற்றமில்லை. 236 பலூன்களுக்குப் பிறகு, 1902-இல் வாயைத் திறந்தார். கீழே இருப்பது ட்ரோபோஸ்பியர், மேலே இருப்பது ஸ்ட்ராட்டோஸ்பியர் என்று பிற்பாடு பெயரும் வைத்தார். அங்கே ஓசோன் புற ஊதாக் கதிரைக் குடித்துச் சூடாகிறது என்ற காரணம் பிறகுதான் தெரிந்தது. கிளெய்ஷரின் கணக்கு சரியென்றால், மனிதர் ஸ்ட்ராட்டோஸ்பியரின் வாசற்படி வரை போய்க் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்!

உள்ளே வெகுதூரம் முதலில் போனவர்கள் அகஸ்ட் பிக்கார்டும் பால் கிப்ஃபரும். 1931 மே 27, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கிலிருந்து, பலூனில் கட்டிய, காற்றடைத்த அலுமினியக் கோளத்தில், 15,781 மீட்டர். கோளத்தில் ஓட்டை விழுந்தது, வாசலினைக் குழைத்து அடைத்தார்கள். தாகத்துக்குச் சுவரில் கசிந்த நீர்த்துளியை நக்கினார்கள். இறங்கலாம் என்று வால்வுக் கயிற்றை இழுத்தால், அது சிக்கிக்கொண்டிருந்தது. 69 வருஷம் கழித்தும் அதே கயிறு! கோளம் பூட்டியிருந்ததால் பல்லுக்கும் வேலையில்லை. பொழுது சாய்ந்து வாயு குளிரும் வரை காத்திருந்து, ஆஸ்திரியாவில் ஒரு பனியாற்றின் மேல் வந்து விழுந்தார்கள்.