ஐந்து கட்டை மின்சாரம்: அடுக்ககத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரும் பேஸ் கிட்டாரும் – ஓர் ஒப்பாய்வு

பாயிரம்

ஆய்வுக் களம் ராஜா அண்ணாமலைபுரம். வடக்கே மந்தைவெளி, தெற்கே அடையாறு, கிழக்கே பட்டினப்பாக்கத்துக் கடல். மேற்கு எல்லையைச் சொன்னால் ஆழ்வார்பேட்டைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் விட்டுவிடுகிறோம்.

ஆய்வுப் பொருள் ஒரு மூன்றாம் மாடிப் பையன். பிளஸ் டூ முடிந்துவிட்டது. இஞ்சினியரிங் சீட்டும் கிடைத்துவிட்டது. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் அப்பாவிடம் பதினைந்தாயிரம் ரூபாய்க்குச் சம்மதம் வாங்கிவிட்டான். அதற்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவதா, பேஸ் கிட்டார் வாங்குவதா என்பதே வினா. அவனுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், ஒரு மாமி மாலை நாலரை முதல் ஏழு வரை சிறுமிகளுக்கு ஐந்து கட்டையில் வாய்ப்பாட்டு சொல்லித்தருகிறார். இந்த ஒரு தகவலை மறந்துவிட்டு இப்பொருளை ஆராய்ந்தவர்கள் எல்லாருமே வழுவினர்.

இந்தப் பேட்டையில் இசையாராய்ச்சி செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஊருக்குப் பெயர் தந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1940களில் தமிழிசை இயக்கத்தை முன்னின்று நடத்தியவர். கிரீன்வேஸ் சாலையில், ஜேம்ஸ் பிராடி என்னும் கும்பினி அதிகாரி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆற்றங்கரையோரம் கட்டிய பிராடி காசிலில்தான் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. 1949இல் தொடங்கிய அக்கல்லூரிக்கு முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். மின்சாரம் ஏறிய தந்தி வாத்தியம் நம் மண்ணுக்கு ஆகாது என்ற ஆட்சேபத்துக்கும் எப்போதோ பதில் சொல்லியாயிற்று. 1980களில் சிறுவன் ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினோடு சபா மேடை ஏறினார். அடையாற்றுக்கு அக்கரையில் ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு படித்த பிரசன்னா, கிட்டாரிலேயே கர்நாடகக் கச்சேரி செய்தார்.

வட்டாரத்தில் தொல்காப்பியப் பூங்கா இருப்பதால், நூலை மூன்று அதிகாரங்களாகப் பகுப்பதே மரபு.

ஒலியதிகாரம்

எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தந்தி ஆறு, பேஸுக்கு நான்கு. கிட்டாரின் அடித்தந்தி நொடிக்கு 82 முறை அதிரும். பேஸின் அடித்தந்தி அதில் பாதி, 41 முறை. சரியாக ஒரு ஸ்தாயி கீழே. இவ்வளவும் எல்லாரும் அறிந்தது. அடுக்ககத்தில் இதன் பயன் யாது என்பதையே யாரும் ஆராயவில்லை.

சென்னைச் சூட்டில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் ஓடுகிறது. அதை 41ஆல் வகுத்தால் பேஸின் அடித்தந்தி எழுப்பும் அலையின் நீளம் சுமார் எட்டரை மீட்டர், அதாவது இருபத்தெட்டு அடி. பையனின் படுக்கையறை பன்னிரண்டுக்குப் பத்து. ஆக, தன்னைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான அலையை அந்த அறை எப்படியாவது வைத்துக்கொள்ள வேண்டும். முடியாது. அலை சுவரையும் தளத்தையும் அசைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறது. மேல்ஸ்தாயி ஒலியைச் சுவர் தடுக்கும். கீழ்ஸ்தாயியைத் தடுக்கும் சுவரை நம் பில்டர்கள் கட்டுவதில்லை.

இதன் மறுபக்கம்தான் உருக்கமானது. மகன் இரவல் பேஸ் ஒன்றை வாசிப்பதை அப்பா போனில் வீடியோ எடுத்து உறவுக்காரர்களுக்கு அனுப்புகிறார். போன் ஸ்பீக்கருக்கு 41 ஹெர்ட்ஸ் வராது. 80 ஹெர்ட்ஸே வராது. பெரியப்பா மதுரையிலிருந்து கேட்கிறார்: "தம்பி விரலை நல்லா ஆட்டுறான், சத்தத்த ஏன் ஆஃப் பண்ணி வச்சிருக்கீக?" அதே நேரத்தில் இரண்டாம் மாடி மாமிக்கு ஒரு ஸ்வரம் விடாமல் கேட்கிறது. எனவே இவ்வதிகாரத்தின் முதல் நூற்பா: கிட்டார் கேட்க விரும்புபவருக்குக் கேட்கும், பேஸ் விரும்பாதவருக்குக் கேட்கும்.

அடுத்தது பீரோ இயல். பன்னிரண்டு அடி நீள அறைக்கென்று இயல்பான ஒரு முழக்கம் உண்டு. கணக்குப் போட்டால் 47, 48 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். பேஸின் அடித்தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் வருவது ஜி, 49 ஹெர்ட்ஸ். மற்ற ஸ்வரங்களுக்கெல்லாம் சாதுவாக நிற்கும் இரும்பு பீரோ, ஜி வந்ததும் நடுங்குகிறது. முதலில் கதவின் கைப்பிடி கிணுகிணுக்கும். பிறகு உள்ளே தொங்கும் ஹாங்கர்கள். பிறகு பீரோவின் மேல் வைத்த சூட்கேஸின் பூட்டு. விரலை எடுத்தபின்னும் பூட்டு மட்டும் ஓரிரு நொடி தனி ஆவர்த்தனம் செய்யும். மாமி மாடியேறி வந்து கேட்டது இதைத்தான்: "ஏண்டா, தினம் சாயங்காலம் பீரோவை எதுக்குடா தட்டறே? எங்காத்துல எவர்சில்வர் டம்ளரெல்லாம் ஆடறது."

"பீரோ இல்ல மாமி, பேஸ்."

"பேஸோ காஸோ, பாட்டு முடிஞ்சப்புறம் வாசி."

கிட்டார் தரப்பின் குறை வேறு வகை. எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். தந்தியின் அசைவை மட்டுமின்றி, டியூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், வீட்டு ஒயரிங் என்று சுற்றுவட்டாரச் செய்திகள் அனைத்தையும் அது ஒட்டுக் கேட்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. ஒற்றைச் சுருள் பிக்அப்பை ஆம்பில் மாட்டி, தந்தியிலிருந்து கையை எடுத்தால், எர்த் சரியில்லாத பழைய ஃபிளாட்டுகளில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் நிற்கும். தந்தியைத் தொட்டால் அடங்கும்.

இங்கேதான் இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. ஜி என்பது நம் கணக்கில் ஐந்து கட்டை. மின்வாரியம் இரண்டு ஸ்தாயி கீழே, 50 ஹெர்ட்ஸில், ஏறத்தாழ அதே ஐந்து கட்டையைத்தான் இருபத்துநாலு மணி நேரமும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அறையும் அங்கேயே முழங்குகிறது. பீரோவும் அங்கேயே ஆடுகிறது. மாமியின் சுருதிப்பெட்டியும் அங்கேயே. பையன் நண்பனிடம் இரவல் வாங்கி வந்த கிட்டாரை வாசிக்காமல் ஆம்பில் மாட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போன அன்று மாமியிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. ஒரே ஒரு திருத்தம் சொல்லி அனுப்பினார்: "சுருதி ஒரு துளி தூக்கியிருக்கு." காது என்றால் இது. 49க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு.

இரைச்சலுக்கு மருந்து உண்டு. கிப்ஸன் கம்பெனியில் சேத் லவர் 1955இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலைத் தன்னாலேயே அடித்துக்கொள்ள வைத்தார். ஹம்பக்கர் என்பது அதுவே. ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் 1957 முதல் இதே வேலையை இரண்டாகப் பிளந்த பிக்அப் செய்கிறது. ஆகவே பேஸ் வாசிக்காதபோது மௌனம், வாசித்தால் பூகம்பம். ஒற்றைச் சுருள் கிட்டார் வாசிக்காதபோது தம்புரா. வாசித்தால் அது ஆளைப் பொறுத்தது.

விரலதிகாரம்

சுருக்கமாக முடிக்கலாம். பேஸின் தந்தி நீளம் 34 அங்குலம், கிட்டாரில் பெரும்பாலும் 25½. பேஸின் முதல் ஃப்ரெட் மட்டுமே ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். தந்திகள் தடிமன், இழுவிசையும் ஏறக்குறைய இரு மடங்கு. சின்னக் கைக்காரருக்குச் சிரமம்தான். ஆனால் வீணைக்காரர்களின் விரல் நுனியில் கறுத்த தழும்பைப் பார்த்த ஊரில் இதையெல்லாம் கஷ்டம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

கிட்டாரின் கஷ்டம் எஃப் கார்டில் உள்ளது. ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு ஆறு தந்தியையும் ஒருசேர அழுத்த வேண்டும். கோடை விடுமுறையில் கிட்டார் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கீபோர்டு வகுப்புக்கு மாறுகிறார்கள். பேஸில் முதல் நாளே, ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம், பாட்டோடு கூடவே போய்விடலாம். நன்றாக வாசிக்கப் பத்து வருஷம் ஆகும் என்பது வேறு விஷயம். அது அப்பாவிடம் சொல்ல வேண்டியதில்லை.

பிரிசிஷன் என்ற பெயரும் ஃப்ரெட்டால் வந்ததே. அதுவரை ஆள் உயர டபுள் பேஸில் குத்துமதிப்பாக விரல் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, 1951இல் லியோ ஃபெண்டர் ஃப்ரெட் வைத்துத் துல்லியமாகக் கொடுத்தார். அவர் ரேடியோ மெக்கானிக். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். வாசிக்கத் தெரியாதவர் செய்த வாத்தியத்தை வாசிக்கத் தெரியாதவன் வாங்குவதில் பொருத்தம் இருக்கிறது.

பொருளதிகாரம்

பொருள் இங்கே அகமன்று, புறமன்று, ரூபாய். பதினைந்தாயிரத்துக்குள் சுமாரான கிட்டாரும் கிடைக்கும், சுமாரான பேஸும் கிடைக்கும். கல்கத்தாவின் கிவ்ஸன் போன்ற, பெயரில் அமெரிக்கக் கம்பெனியிலிருந்து ஓர் எழுத்தளவே விலகி நிற்கும் உள்நாட்டுச் சரக்குகளும் உண்டு. ஆனால் ஆம்பையும் தனியாக வாங்க வேண்டும் என்பதை அப்பாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. இங்கே பேஸுக்குப் பாதகம்: எட்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த சின்ன ஆம்பில் கிட்டார் கணீரென்று வரும், பேஸோ கமறும்.

தந்திக் கணக்கு இதற்கு எதிர்த்திசையில் போகிறது. பேஸ் தந்தி செட் கிட்டார் செட்டைப் போல மூன்று நான்கு மடங்கு விலை. ஆனால் பட்டினப்பாக்கத்து உப்புக்காற்றில் கிட்டாரின் மெல்லிய தந்திகள் துருவேறி, சட்டென்று அறுந்து கன்னத்தில் அடிக்கும். தடித்த பேஸ் தந்தி எளிதில் அறாது. ஒலி மட்டும் மங்கும். மங்கியதை ரசிக்கவும் ஒரு மரபு இருக்கிறது: மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தந்தி அறுந்தாலொழிய மாற்ற மாட்டாராம். இப்படி ஒரு மேற்கோள் அகப்பட்டால் எந்த அப்பாவும் பேஸ் கட்சிக்கு வந்துவிடுவார்.

புகழ்க் கணக்கில் கிட்டாரே வெல்லும். தமிழ்ப்பட நாயகன் கையில் பேஸ் கொடுத்த டைரக்டர் உண்டா? 'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் மடியில் கிட்டார்; 'பயணங்கள் முடிவதில்லை'யில் மேடையேறிய மோகன் தோளில் கிட்டார். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற இளையராஜாவே கிட்டார்காரர். ஆனால் அவர் பாட்டுகளின் அடியில் சசிதரன் வாசித்த பேஸைக் கழித்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், பாட்டு கால் ஊன்ற இடமில்லாமல் நிற்கும். கேட்ட கோடிப் பேரில் அதை பேஸ் என்று தெரிந்து கேட்டவர் எத்தனை பேர்? தெரியாமலேயே தலையாட்டியிருக்கிறார்கள்.

தேவைக் கணக்கில் நிலைமை தலைகீழ். மந்தைவெளி பஸ் ஸ்டாண்டிலிருந்து கிரீன்வேஸ் சாலை ரயில் நிலையம் வரை எந்தத் தெருவிலும் லீட் வாசிக்கும் பையன் இருப்பான். ஒவ்வொரு கல்லூரி பேண்டிலும் மூன்று லீட் கிட்டார்காரர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருப்பார்கள். பேஸ்காரன் அகப்படுவதில்லை. ரிசப்ஷன் மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில், வீடியோகாரரின் லைட் எட்டாத மூலையில் நிற்பவன்தான் அடுத்த முகூர்த்தத்துக்கும் முதலில் புக் ஆகிறான். எனவே பதினைந்தாயிரத்துக்கு பேஸே கொள்க என்பது இவ்வாய்வின் துணிபு. ஆம்புக்குப் பதில் ஹெட்போன். அல்லது மாலை ஏழுக்கு மேல் ஆம்ப். ஜி வரும் இடங்களில் பீரோவின் கைப்பிடிக்கு ஒரு ரப்பர் பேண்ட்.

ஐந்து தந்தி பேஸ் ஒன்றும் உண்டு. அதன் அடித்தந்தி 31 ஹெர்ட்ஸ். அது குறித்த பின்னிணைப்பு, மாமி நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் ஆறு மாதத்தில் எழுதப்படும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நட்டநடுவில் நிற்கிறது. மாமி சீக்கிரம் திரும்பிவிடக்கூடும்.